புகழ் மண்டபத்தின் வாசலில் ஒரு வாரப் பத்திரிகையாளர்

சென்ற கோடை விடுமுறையில் நண்பர் ஒருவரின் குடும்பத்துடன் ரொறன்ரோவிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு, பஃபலோ எல்லையைக் கடந்து, நியூயோர்க் மாநிலத்தின் நடுப்பகுதியில் இருக்கும் கூப்பர்ஸ்ரவுன் என்ற சிற்றூருக்குச் சென்றிருந்தோம். இரண்டாயிரம் பேர்கூட வசிக்காத ஊர். ஓர் ஏரி, நீண்ட கடைத்தெரு ஒன்று, அதன் ஓரத்தில் செங்கல்லாலான ஒரு கட்டடம். அந்தக் கட்டடத்தைப் பார்ப்பதற்காகவே வட அமெரிக்காவின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வந்து சேர்கிறார்கள். 1939ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பேஸ்போல் புகழ் மண்டபம் அதுவே.

எமக்குப் பேஸ்போல் விளையாட்டில் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். தென்னை மட்டையைக் கிரிக்கெட் மட்டையாக்கி விளையாடி வளர்ந்தவர்கள் நாம். 1992இலும் 1993இலும் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி உலகத் தொடரை வென்ற இரவுகளில் யங் வீதியில் திரண்ட சனக்கூட்டத்தை, அப்போதுதான் வந்திறங்கியிருந்த எம்மவர் பலர், என்ன நடக்கிறதென்று விளங்காமல் சற்றுப் பயத்தோடுதான் பார்த்து நின்றார்கள். பெருங்கூட்டமும் கூச்சலும் எமக்கு வேறு நினைவுகளைக் கொண்டுவருவன. ஆனால், இங்கே வளரும் பிள்ளைகளின் கதை வேறு. நண்பரின் மகன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், வழி நெடுகிலும் ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒப்புவித்துக்கொண்டே வந்தான்.

நடுக்கூடத்தில் வெண்கலத் தகடுகள் சுவர் முழுவதும் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு முகம், ஒரு பெயர், சில வரிகள். அவற்றின் முன்னால் கோயிற் பிரகாரத்தில் நடப்பதுபோல் மெதுவாக நடந்துகொண்டிருந்த சிறுவன், “மாமா, இவையளை ஆர் தெரிவு செய்தது?” என்று கேட்டான்.

பத்திரிகையாளர்கள் என்றோம். அவன் நம்பவில்லை. பக்கத்தில் நின்ற காவலரைக் கேட்டு உறுதி செய்துகொண்டான். அதன் பின்னர் அவன் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. “அப்ப பத்திரிகைக்காரரை ஆர் தெரிவு செய்யிறது?”

தெரிவு நடைபெறும் முறை

1908ஆம் ஆண்டு அமெரிக்காவில் பேஸ்போல் எழுத்தாளர் சங்கம் என்ற ஓர் அமைப்பை விளையாட்டுச் செய்தியாளர்கள் தமக்கென அமைத்துக்கொண்டார்கள். மைதானங்களில் உட்கார்ந்து எழுத ஒழுங்கான இடம் வேண்டும், கண்டவரும் செய்தியாளர் மாடத்துக்குள் நுழையக் கூடாது என்பவையே ஆரம்பகாலக் கோரிக்கைகள். 1936இலிருந்து புகழ் மண்டபத்துக்குரிய ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும் பொறுப்பும் அச்சங்கத்திடம் வந்தது. பத்து ஆண்டுகள் தொடர்ந்து அங்கத்தவராக இருந்தவருக்கே வாக்குரிமை. ஒருவர் பத்துப் பெயர்கள் வரை குறிக்கலாம். நூற்றுக்கு எழுபத்தைந்து வாக்குகள் பெற்றவர் உள்ளே போவார். வெகுகாலத்துக்கு முன்னர் ஆடியவர்களையும் முகாமையாளர் போன்றோரையும் வேறு குழுக்கள் தெரிவு செய்கின்றன. செய்தி எழுதுகிறவர் செய்தியை உண்டாக்கக் கூடாது என்று சொல்லித் தமது செய்தியாளரை இவ்வாக்கெடுப்பில் கலந்துகொள்ள விடாத பெரிய நாளேடுகளும் உண்டு. நியூயோர்க் ரைம்ஸ் அவற்றில் ஒன்று. அது தனியே பேசவேண்டிய விடயம்.

எழுதுவோருக்கான கௌரவம் 1962இல்தான் ஏற்பட்டது. அதற்கான தெரிவு மூன்று படிகளில் நடைபெறுகிறது. முதலில் சங்கத்தின் நகரக் கிளைகளிலிருந்தும் அங்கத்தவரிடமிருந்தும் பெயர்கள் பிரேரிக்கப்படும். அவற்றைச் சங்கம் நியமித்த மூவர் கொண்ட குழு ஆராய்ந்து மூன்று பெயர்களாகச் சுருக்கும். பின்னர் பத்தாண்டு அங்கத்துவம் உடையோர் அனைவருக்கும் வாக்குச் சீட்டு போகும். முடிவு டிசம்பர் மாதம் அணிகளின் குளிர்காலக் கூட்டத்தின்போது வெளியாகும். அடுத்த ஆண்டு யூலை மாதம் கூப்பர்ஸ்ரவுனில் நடைபெறும் விழாவில் விருது கையளிக்கப்படும். காலமானவர்களும் பிரேரிக்கப்படலாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இவ்விருது பெற்றவர் புகழ் மண்டபத்தின் அங்கத்தவர் ஆகிவிடுவதில்லை. வெண்கலத் தகடும் அவருக்குக் கிடையாது. ஆட்டக்காரரின் கூடத்துக்குப் புறம்பாக, எழுதுவோருக்கும் வானொலி, தொலைக்காட்சி வர்ணனையாளருக்கும் என்று அமைந்த காட்சிப் பகுதியில் அவருடைய பெயர் இடம்பெறும். பத்திரிகைகளோ அவரும் புகழ் மண்டபத்துக்குள் போய்விட்டார் என்றே வழக்கமாக எழுதிவிடுகின்றன. பத்திரிகைக்காரர் தமது சொந்தக் கதையை எழுதும்போது சற்றுத் தாராளமாக எழுதுவது எல்லா நாடுகளிலும் உள்ள வழக்கம்தான்.

கிளைகள், குழு, வாக்கு என்று பார்த்தால் ஒழுங்கான முறைதான். எமது சங்கங்கள் பலவற்றில் இந்த அளவு ஒழுங்கும் இருப்பதில்லை. ஆனால், அந்தக் காட்சிப் பகுதியில் பெயர்களையும் ஆண்டுகளையும் வாசித்துக்கொண்டு போகையில் 1993 என்ற ஆண்டுக்கு நேரே வெண்டல் ஸ்மித் என்ற பெயரைக் கண்டோம். அவர் இறந்தது 1972இல். ஏன் இருபத்தொரு ஆண்டுத் தாமதம் என்று தேடிப் படித்தபோதுதான், பிரேரணைக்கும் வாக்கெடுப்புக்கும் வெகுமுன்னரே ஒரு தெரிவு நடந்துவிடுகிறது என்பது விளங்கிற்று.

வாரம் 17 டொலர் சம்பளம்

வெண்டல் ஸ்மித் 1914இல் டிற்றொயிற் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். இளவயதில் நல்ல பந்து எறிபவர். ஒருமுறை அவர் எறிந்து தமது அணியை 1-0 என்று வெல்ல வைத்தாராம். ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த தொழில்முறை அணியொன்றின் முகவர், ஸ்மித்தின் பந்துகளைப் பிடித்த வெள்ளைக்காரப் பையனை ஒப்பந்தம் செய்துகொண்டு, ஸ்மித்திடம் தன்னால் அவரைச் சேர்க்க முடியாதிருக்கிறதே என்று வருந்திவிட்டுப் போனாராம். தமது வாழ்க்கையின் திசையை அன்றே முடிவு செய்ததாக ஸ்மித் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பெரிய லீக்குகளில் கறுப்பினத்தவர் எவருமே ஆடமுடியாதிருந்த காலம் அது. எழுதப்பட்ட சட்டம் ஏதும் இருக்கவில்லை. எழுதப்படாத கட்டுப்பாடு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

1937இல் அவர் பிற்ஸ்பேர்க் கூரியர் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தியாளராகச் சேர்ந்தார். சம்பளம் வாரத்துக்கு 17 டொலர். கூரியர் ஒரு வாரப் பத்திரிகை. கறுப்பின மக்களால் கறுப்பின மக்களுக்காக நடத்தப்பட்டது. 1940களில் அதன் விற்பனை மூன்றரை இலட்சம் பிரதிகளைத் தாண்டியது. பிற்ஸ்பேர்க்கில் அச்சாகி நாடெங்கும் சென்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வெளிநாட்டில் எதிரியை வெல்வதுபோல உள்நாட்டில் நிறவெறியையும் வெல்ல வேண்டுமென்று இரட்டை வெற்றி இயக்கத்தைத் தொடங்கியதும் அந்தப் பத்திரிகையே. சமூகப் பத்திரிகை என்றால் பிறந்தநாள் வாழ்த்தும் மரண அறிவித்தலும்தான் என்று எண்ணுவோர் கூரியரின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஸ்மித் செய்த வேலை எளிமையானது. ஆனால், அதுவரை எவரும் செய்யாதது. கறுப்பினத்தவரோடு ஆட வெள்ளைக்கார ஆட்டக்காரர் சம்மதிக்கமாட்டார்கள் என்று அணி உரிமையாளர்கள் காலகாலமாகச் சொல்லி வந்தார்கள். அது உண்மையா என்று அவர்களிடமே கேட்டால் என்ன? 1939இல் பிற்ஸ்பேர்க்குக்கு ஆட வந்த அணிகள் தங்கும் ஹோட்டலுக்குச் சென்று, ஆட்டக்காரரையும் முகாமையாளரையும் ஒவ்வொருவராகக் கண்டு கேட்டார். பெரும்பாலோர் தமக்கு மறுப்பில்லை என்றார்கள். அதைத் தொடராக எழுதினார். உரிமையாளர்களின் சாட்டு அச்சில் உடைந்தது.

1945 ஏப்ரல் 16இல் பொஸ்ரன் றெட் சொக்ஸ் அணியின் மைதானத்துக்கு மூன்று கறுப்பின ஆட்டக்காரரைத் தேர்வுக்காக அழைத்துச் சென்றவரும் அவரே. நகரசபை அங்கத்தவர் ஒருவரின் நெருக்குதலால் மாத்திரம் நடந்த தேர்வு அது. மூவரும் நன்றாகவே ஆடினார்கள். அணி ஒருவரையும் எடுக்கவில்லை. அதே அணி 1959இல்தான் முதல் கறுப்பின ஆட்டக்காரரைக் களமிறக்கியது. பெரிய லீக்குகளில் கடைசியாக இறக்கிய அணியும் அதுவே. திரும்பும் வழியில் ஸ்மித் புறூக்ளினில் இறங்கி, டொட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிரான்ச் றிக்கியைக் கண்டார். மூவரில் ஒருவரது பெயரை அழுத்திச் சொன்னார். அந்தப் பெயர் ஜக்கி றொபின்சன்.

றொபின்சன் 1946இல் முதலில் ஆடியது கனடாவில், மொன்றியல் றோயல்ஸ் அணியில். 1947 ஏப்ரல் 15இல் புறூக்ளின் அணியில் இறங்கி அந்த எழுதப்படாத கட்டுப்பாட்டை உடைத்தார். இந்த ஆண்டுகளில் றிக்கி வாரம் 50 டொலர் கொடுத்து ஸ்மித்தை றொபின்சனுடன் ஊர் ஊராக அனுப்பினார். தங்க இடம் தேடுவதும், சாப்பாட்டுக்கு வழி பார்ப்பதும், மனம் உடையாமல் பேசிக்கொண்டிருப்பதும், நாள்முடிவில் பத்திரிகைக்கு எழுதுவதும் ஸ்மித்தின் வேலை. செய்தி எழுதுபவர் செய்தியின் நாயகனோடு இவ்வளவு நெருங்கலாமா, அணியிடம் கூலி வாங்கலாமா என்று இன்றைய பத்திரிகைத்துறை மாணவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால், றொபின்சனுக்கு அறை கொடுக்க மறுத்த ஹோட்டல்கள் ஸ்மித்துக்கும் அறை கொடுக்கவில்லை என்பதையும் கேள்வி கேட்பவர் மறக்கக் கூடாது.

நாம் சொல்ல வந்த விடயம் இனித்தான் வருகிறது. இவ்வளவும் செய்த அந்த மனிதர், றொபின்சன் ஆடிய ஆட்டத்தைச் செய்தியாளர் மாடத்தில் இருந்து பார்க்க முடியாது. மாடத்துக்குள் போகச் சங்கத்தின் அட்டை வேண்டும். ஸ்மித் விண்ணப்பித்தபோது அட்டை மறுக்கப்பட்டது. சொல்லப்பட்ட காரணம் நிறமல்ல. எமது சங்கம் நாளேடுகளில் எழுதுவோருக்கானது, நீங்கள் வாரப் பத்திரிகையில் எழுதுகிறவர் என்பதே காரணம். கறுப்பினத்தவரைப் பேஸ்போல் எழுத அமர்த்தாத நாளேடுகள் ஒருபுறம்; நாளேட்டில் எழுதாதவருக்கு அட்டை தராத சங்கம் மறுபுறம். ஸ்மித் இரசிகர்களோடு பார்வையாளர் வரிசையில் இருந்து எழுதினார். 2013இல் வெளிவந்த ‘42’ என்ற திரைப்படத்தில் மடியில் தட்டச்சுப்பொறியை வைத்துக்கொண்டு அவர் எழுதுவதாக வரும் காட்சியை இளைய வாசகர்கள் கண்டிருக்கக்கூடும்.

1948இல் அவருக்கு அட்டை கிடைத்தபோது அவர் சிக்காகோ நாளேடு ஒன்றுக்கு மாறியிருந்தார்.

ஒரு வாரப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் என்ற முறையில் இந்தக் காரணத்தை வாசித்தபோது எமக்குச் சிரிப்பும் வந்தது, சினமும் வந்தது.

கூரைமேல் இருந்து எழுதியவர்

அதே 1948இல் சங்கத்தில் சேர்க்கப்பட்ட இன்னொருவர் சாம் லேசி. வாஷிங்ரனில் வளர்ந்தவர், சிறுவயதில் அங்குள்ள மைதானத்தில் கச்சான் விற்றவர். பால்ற்றிமோர் ஆபிரோ அமெரிக்கன் என்ற கறுப்பினப் பத்திரிகையில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் எழுதினார். பெரிய பத்திரிகைகளின் வாசல் பிற்காலத்தில் திறந்தபோதும் அவர் அங்கிருந்து போகவில்லை. தென்மாநிலங்களில் செய்தியாளர் மாடத்துள் விடாதபோது வேறெங்காவது ஓர் ஆசனத்தைப் போட்டு எழுதுவார். நியூ ஓர்லியன்ஸில் ஒருமுறை மாடத்தின் கூரைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். சிறிது நேரத்தில் நியூயோர்க்கிலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரச் செய்தியாளர் சிலரும் ஏணியில் ஏறி வந்து பக்கத்தில் அமர்ந்தார்கள். என்னவென்று கேட்டதற்கு, வெயில் காய வந்தோம் என்றார்களாம். லேசி 2003இல் 99 வயதில் இறந்தார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்புவரை பத்தி எழுதினார். அவருக்கு விருது கிடைத்தது 1997இல். நல்ல வேளையாக நேரில் வந்து பெற்றுக்கொண்டார்.

ஸ்மித்தால் அது முடியவில்லை. றொபின்சன் 1972 ஒக்டோபர் 24இல் காலமானார். அவருக்கு இரங்கற் கட்டுரை எழுதிய ஸ்மித் ஒரு மாதம் கழித்து நவம்பர் 26இல் தாமும் போய்விட்டார். விருதை 1994 கோடையில் மேடையேறி வாங்கியவர் மனைவி வயோனெல்லா.

யாருடைய பெயரில் விருது?

அவர்கள் இருவரும் பெற்ற விருது அப்போது யாருடைய பெயரால் அழைக்கப்பட்டது என்பதைச் சொன்னால் கதை மேலும் விளங்கும். ஜே. ஜீ. ரெய்லர் ஸ்பிங்க் என்பவர் 1914 முதல் 1962இல் இறக்கும் வரை ஸ்போட்டிங் நியூஸ் என்ற விளையாட்டு வார இதழை வெளியிட்டவர். பேஸ்போலின் வேதநூல் என்று அவ்விதழை அழைப்பார்கள். விருதுக்கு அவருடைய பெயரையே சூட்டி, முதல் விருதையும் அவருக்கே கொடுத்தார்கள். இங்கே கவனியுங்கள்: அவ்விதழும் வார இதழ்தான். வாரம் என்பது அவருக்குத் தடையாக இருக்கவில்லை!

1942 ஓகஸ்ட் மாதம் அவ்விதழ் ஓர் ஆசிரிய தலையங்கம் தீட்டியது. நிறப் பிரச்சினையைக் கிளப்புவதால் யாருக்கும் நன்மையில்லை, இரு இனத்தவரும் தத்தம் அணிகளில் ஆடுவதே நல்லது, கூடி ஆடினால் பார்வையாளரிடையே கலவரம் மூளும் என்பது அதன் சாரம். கூரியரில் ஸ்மித் எழுதிக்கொண்டிருந்த ஒவ்வொரு வரிக்கும் எதிர்வரி அது. அதே ஸ்பிங்கின் இதழ் 1947இல் றொபின்சனை ஆண்டின் சிறந்த புதுமுக ஆட்டக்காரராகத் தெரிவு செய்தது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லத்தான் வேண்டும். காற்று மாறியபின் பாய்மரத்தைத் திருப்புவோர் எல்லாத் துறைமுகங்களிலும் உண்டு.

ஆக, கறுப்பினத்தவர் ஆடுவதை எதிர்த்தவரின் பெயரால், அவர்கள் ஆடுவதற்காக வாழ்நாளைச் செலவிட்டவருக்கு விருது. இந்த முரண் பல்லாண்டுகள் யாருக்கும் உறுத்தவில்லை. 2021 பெப்ரவரியில்தான் சங்கத்தின் அங்கத்தவர்கள் வாக்கெடுத்து, மிகப் பெரும்பான்மையால் ஸ்பிங்கின் பெயரை நீக்கினார்கள். இப்போது அது சங்கத்தின் வாழ்நாட் சிறப்பு விருது என்று மட்டுமே அழைக்கப்படுகிறது. வேறொருவரின் பெயரைச் சூட்டவில்லை. கெட்டித்தனம்தான். பெயர் வைத்தால் இன்னொரு ஐம்பது ஆண்டு கழித்து அதையும் கழற்ற வேண்டி வரலாம்.

திரு. அலிசன்

ரொறன்ரோ வாசகருக்கு உரிய ஒரு சம்பவமும் இதில் உண்டு. 1979இல் ரொறன்ரோ ஸ்ரார் நாளேடு அலிசன் கோர்டன் என்ற பெண்மணியைப் புளூ ஜேஸ் அணியோடு பயணம் செய்து எழுத அனுப்பியது. நாளேட்டில் எழுதுகிறவர் ஆகையால் சங்கத்துக்கு மறுக்க வழியில்லை. அட்டை கொடுத்தார்கள். அதில் திரு. அலிசன் கோர்டன் என்று அச்சிட்டிருந்தது. அங்கத்தவர் என்றால் ஆண் என்பது சங்கத்துக்கு அவ்வளவு உறுதி! எமது பெயர்களை இந்நாட்டு அலுவலகங்கள் முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டுத் தந்த அட்டைகளை நாமும் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். கோர்டன் 2015இல் காலமானார்.

கிளேயர் ஸ்மித் என்ற கறுப்பினப் பெண்மணிக்கு நேர்ந்தது சிரிக்கக்கூடியதல்ல. 1984இல் ஹாட்பேர்ட் கூரன்ற் நாளேட்டுக்காகச் சிக்காகோவில் ஓர் இறுதிச்சுற்று ஆட்டத்தை எழுதச் சென்றிருந்தார். ஆட்டம் முடிந்து ஆண் செய்தியாளர் எல்லாரும் போவதுபோல் சான் டியாகோ அணியின் உடைமாற்றும் அறைக்குள் போனபோது அவரைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அணியின் மூத்த ஆட்டக்காரர் ஸ்ரீவ் கார்வி வெளியே வந்து, உங்களுக்கு வேண்டியதைக் கேளுங்கள், நான் இங்கேயே நிற்கிறேன் என்று ஆறுதல் சொல்லிப் பதிலளித்தார். அதன் பிறகு எல்லா அணிகளின் அறைகளும் பெண் செய்தியாளருக்கும் திறக்கப்பட வேண்டுமென்று பேஸ்போல் ஆணையாளர் கட்டளையிட்டார். 2017இல் கிளேயர் ஸ்மித்துக்கு விருது வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதற் பெண் அவர். விழாவுக்குக் கார்வியும் வந்திருந்தார். 1962இலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

ஒருவர் முன்மொழிய வேண்டும்

அப்படியானால் விதிகள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றனவா? அப்படியும் சொல்ல முடியாது. றோஜர் ஏஞ்சல் என்ற எழுத்தாளர் நியூயோர்க்கர் சஞ்சிகையில் அரை நூற்றாண்டாகப் பேஸ்போல் பற்றி எழுதியவர். அவரைப்போல் எழுதியவர் இல்லை என்று போட்டியாளரே சொல்வார்கள். சஞ்சிகைக்காரர் என்பதால் அவர் ஒருநாளும் சங்கத்தில் அங்கத்தவராக இருந்ததில்லை. அங்கத்தவர் அல்லாதவருக்கு விருது கொடுக்கும் வழக்கமும் இருக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ, ஓக்லன்ட் பகுதிக் கிளையில் உள்ளவர்கள் அவருடைய பெயரை முன்மொழிந்தார்கள். 2014இல், 93 வயதில், அவருக்கு விருது கிடைத்தது. அவர் எழுதிய ஊரோ கண்டத்தின் மறுகரை. யாரோ சிலர் ஒரு கூட்டத்தில் எழுந்து பெயரைச் சொன்னதால் நடந்தது.

கனடியர்களில் இவ்விருதை முதலிற் பெற்றவர் ரொறன்ரோ சன் பத்திரிகையின் பொப் எலியட், 2012இல். கிங்ஸ்ரனில் பிறந்தவர். பெரிய அணிகளைப் பற்றி எழுதியதோடு நில்லாமல், கனடாவின் சிறு நகரங்களில் பந்து எறிந்துகொண்டிருந்த பையன்களின் பெயர்களையும் விடாது எழுதி வந்தார். வர்ணனையாளருக்கு 1978இலிருந்து ஃபோட் ஃபிறிக் என்ற பெயரில் வேறொரு விருது இருக்கிறது. புளூ ஜேஸின் வானொலிக் குரலான ரொம் சீக் 1977இல் அணியின் முதல் ஆட்டத்திலிருந்து 2004 வரை 4,306 ஆட்டங்களை ஒன்றுகூட விடாமல் வர்ணித்தவர். தந்தையாரின் மரணத்துக்காகவே முதன்முறையாக ஒரு ஆட்டத்தைத் தவறவிட்டார். 2005இல் காலமானார். அவ்விருது 2013இல்தான் அவருக்கு வந்தது. அவரது குரலில் ஆங்கிலம் பழகிய வாகன ஓட்டுநர் சிலர் எம்மவரில் இருக்கிறார்கள். ஹொக்கி விளையாட்டுக்கும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. யங் வீதியும் புறொன்ற் வீதியும் சந்திக்கும் இடத்திலுள்ள ஹொக்கி புகழ் மண்டபத்தில் எல்மர் பேர்குசன் என்ற மொன்றியல் பத்திரிகையாளரின் பெயரால் 1984 முதல் விருது வழங்குகிறார்கள். அதற்குரியவரையும் ஹொக்கி எழுத்தாளரின் சங்கமே தெரிவு செய்கிறது.

முன்மொழிபவருக்குச் சான்று வேண்டும். ஒருவர் நாற்பது ஆண்டுகள் எழுதினார் என்று வாயால் சொன்னால் போதாது. எழுதியது கையில் இருக்க வேண்டும். ஸ்மித்தைப் பற்றி இன்று நாம் இவ்வளவு படிக்க முடிவதற்கு இரண்டு காரணங்கள். கூரியரின் பழைய இதழ்கள் நுண்படச் சுருள்களாகக் காப்பாற்றப்பட்டன. அவருடைய மனைவி வயோனெல்லா, கணவர் றிக்கியுடன் நடத்திய கடிதப் போக்குவரத்தையும் ஏனைய கடதாசிகளையும் எறியாமல் வைத்திருந்து கூப்பர்ஸ்ரவுனிலுள்ள நூலகத்துக்குக் கொடுத்தார். றொபின்சனுக்கு எந்த ஊரில் யார் வீட்டில் தங்க இடம் பார்த்திருக்கிறது என்பது போன்ற சின்ன விடயங்கள் அந்தக் கடிதங்களில்தான் இருக்கின்றன.

அந்த நூலகத்தின் வாசலில் நின்றபோது எமது ஊர் நூலகத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1981 யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சாம்பலாகிக் கிடந்தவை 97,000 நூல்களும் சுவடிகளும் மட்டுமல்ல. பழைய பத்திரிகைத் தொகுப்புகளும் அவற்றோடு போயின. அதே நாட்களில் ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. அதற்குப் பிந்திய இடப்பெயர்வுகளில் வீடுகளில் இருந்தவையும் போயின. எமது பத்திரிகையாளர் ஒருவரை எங்கேனும் பிரேரிக்கும் நாள் வந்தால், அவருடைய எழுத்தைக் காட்டுங்கள் என்று குழுவினர் கேட்பார்கள்.

திரும்பி வரும் வழியில் சிறுவன் காரின் பின் ஆசனத்தில் உறங்கிப்போனான். எல்லையில் அதிகாரி எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார். கூப்பர்ஸ்ரவுன் என்றோம். அவர் கடவுச்சீட்டுகளைப் பாராமலே, ரொம் சீக்கின் பெயரைக் கண்டீர்களா என்று கேட்டார். கண்டோம் என்றோம்.

மறுநாள் அலுவலகத்துக்கு வந்து எமது பத்திரிகையின் பழைய இதழ்களைக் கட்டி வைத்திருக்கும் இரும்பு அலுமாரியைத் திறந்து பார்த்தோம். ஆரம்ப ஆண்டுகளின் இதழ்கள் பல இல்லை. வாடகைக்கு இருந்த நிலக்கீழ் அறையில் ஒருமுறை தண்ணீர் புகுந்தபோது சில போயின. இடம் மாறியபோது சில தொலைந்தன. அந்நாட்களில் இரவு வேலை முடித்து வந்து எழுதித் தந்தவர்களில் சிலர் இன்று உயிரோடில்லை. அவர்கள் எழுதியதன் ஒரே பிரதி எங்கோ ஒரு வீட்டின் பெட்டியடியில், பாத்திரங்களைச் சுற்றிய கடதாசியாகவோ, அலுமாரித் தட்டில் விரித்ததாகவோ இருக்கலாம். முதல் ஐந்து ஆண்டுகளில் வெளிவந்த எந்த இதழையேனும், கிழிந்திருந்தாலும் பக்கம் குறைந்திருந்தாலும், வைத்திருக்கும் வாசகர்கள் எமது அலுவலகத்துடன் தொடர்புகொண்டால் நாமே வீட்டுக்கு வந்து பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை அங்கேயே திருப்பித் தருவோம். சனி, ஞாயிறு தினங்களிலும் வரலாம்.